ஒரு கையொப்பத்தின் எல்லை

2019ஆம் ஆண்டு ஆவணி மாதத்து இரவொன்றில் எமது தம்பி வளைகுடா நாடொன்றிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "அக்கா, எனக்குக் கட்டுரை எழுதச் சொல்லித் தாருங்கள்" என்றான். நாம் சிரித்துவிட்டோம். திகனையில் ஒரே மேசையில் எதிரெதிரே இருந்து படித்த நாட்களில், கட்டுரை எழுதவேண்டிய மாலைகளிலெல்லாம் தவறாமல் தலைவலி வந்து படுத்துக்கொள்பவன் அவன். கணிதத்திலும் பௌதிகத்திலும்தான் அவன் மனம் தங்கியது. ஆகாய விமானங்களைப் பழுதுபார்க்கும் பொறியியலாளனாகிவிட்டவனுக்கு, முப்பதை நெருங்கும் வயதில், கட்டுரை எதற்கு? பேராதனையில் தமிழ் படித்துவந்து பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தியே காலங்கழிக்கும் எம்மைக் கேலி செய்கிறானோ என்றுகூட ஐயுற்றோம்.

கேலியன்று. அவன் ஒரு பரீட்சையில் தோற்றிருந்தான். தோற்கடித்தது இயந்திரமன்று, கட்டுரை.

விவரத்தைச் சொல்லவேண்டும். தம்பியிடம் அப்போது இரண்டு அனுமதிப்பத்திரங்கள் இருந்தன. ஒன்று, இலங்கைச் சிவில் விமான சேவைகள் அதிகார சபை 2016இல் வழங்கியது. மற்றது, அதனை அடிப்படையாகக் கொண்டு, தன் நாட்டுச் சட்டத்தில் மாத்திரம் பரீட்சை வைத்து, வளைகுடா நாடு அடுத்த ஆண்டு வழங்கியது. மூன்றாவதாக ஐரோப்பிய ஒன்றியத்தின் அனுமதிப்பத்திரத்தைப் பெற அவன் முயன்றுகொண்டிருந்தான். வளைகுடாவில் வேலை என்பது ஒப்பந்தம் முடியும்வரை நிற்கும் நிழல். எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்த நாடு உழைப்பவனுக்கு நாடாவதில்லை. ஐரோப்பியப் பத்திரம் கைக்கு வந்தால் மனைவி மக்களோடு ஓரிடத்தில் வேர்விட்டு வாழலாம் என்பது அவன் கணக்கு.

ஆனால் ஐரோப்பா பிற நாட்டுப் பத்திரத்தைப் பார்த்துப் பத்திரம் தருவதில்லை. "பகுதி 66" எனப்படும் அவர்களது விதிகளின்படி எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதித் தேறவேண்டும். சுழலி இயந்திர விமானங்களுக்கான பி1 என்னும் பிரிவுக்கு 13 பாடங்கள். கணிதம், பௌதிகம், மின்னியல் என்று தொடங்கி, உலோகங்கள், காற்றியக்கவியல், சட்டம் என்று விரிந்து, இயந்திரத்திலும் சுழல்விசிறியிலும் முடிகின்றன. தெரிவு வினா ஒன்றுக்கு மூன்று விடைகள். சிந்திக்க 75 விநாடி. தேறுவதற்கு நூற்றுக்கு 75 வேண்டும். தோற்றவர் 90 நாள் காத்திருந்தே மறுபடி எழுதலாம். தொடர்ந்து மூன்று முறை தோற்றால் ஓராண்டு காத்திருக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு. அந்த நாளில் மூன்று பாடங்களுக்குக் கட்டுரையும் எழுதவேண்டியிருந்தது. ஒரு கட்டுரைக்கு 20 நிமிடம். தம்பி தோற்றது "மனிதக் காரணிகள்" என்ற பாடத்தின் கட்டுரையில். மனிதன் ஏன் தவறு செய்கிறான் என்பதே அப்பாடத்தின் பொருள்.

அவன் எழுதியதைக் கேட்டோம். நினைவிலிருந்து சொன்னான். பிழையில்லாத ஆங்கிலந்தான், ஆனால் எமது பாடசாலை வளர்த்த பிள்ளையின் கட்டுரை. முன்னுரையில் மனிதப் பிறவியின் அருமை; முடிவுரையில் கவனமாக வாழவேண்டிய அவசியம். இடையிலேதான் விடயம். 20 நிமிடத்தில் எட்டு நிமிடத்தை வாசலில் கோலம் போடுவதிலேயே செலவிட்டிருந்தான். நாமே கற்பித்த கோலமல்லவா! அவர்கள் வைத்திருக்கும் அளவுகோலை அவன் அனுப்பிப் படித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. விடையில் இருக்கவேண்டிய முக்கிய கருத்துகளில் நூற்றுக்கு 75 பங்கு இருக்கவேண்டும். அந்தக் கருத்துகள் எதிலும் பெரும்பிழை இருக்கலாகாது. அவ்வளவே. உவமைக்குப் புள்ளியில்லை, உணர்ச்சிக்கும் இல்லை. மற்றவையெல்லாம் செம்மையாக இருந்தாலும் முக்கியமான ஒன்றைப் பிழையாக எழுதியவன் தேறமாட்டான். ஆசிரியத் தொழிலில் எமக்கு ஒரு பரீட்சைச் சட்டம் இவ்வளவு நேர்மையாக இதற்கு முன் பேசியதில்லை. ஆறு வாரம், வெள்ளிக்கிழமை இரவுகளில் தொலைபேசி வழியே அவனுக்குக் கோலத்தை அழிக்கக் கற்பித்தோம். அடுத்த தடவை தேறினான். அதன் பின்னர் எமது வகுப்புப் பிள்ளைகளுக்கும் முன்னுரை இரண்டு வரிக்கு மேல் கூடாது என்று விதித்துவிட்டோம்.

இனி அந்தப் பத்திரம் எதற்கென்று சொல்லவேண்டும். விமானம் பழுதுபார்ப்போரில் இரு வகையினர் உண்டு. ஒருவகையினர் வேலையைச் செய்வோர். மற்றவர், அவ்வேலை விதிப்படி முடிந்தது, இவ்விமானம் பறக்கத் தக்கது என்று எழுதிக் கையொப்பமிடுவோர். அந்தக் கையொப்பம் விழாமல் விமானி இயந்திரத்தை முடுக்கமாட்டார். அனுமதிப்பத்திரம் என்பது அந்தக் கையொப்பத்துக்கான உரிமை. முந்நூறு பேர் கச்சைகளைக் கட்டிக்கொண்டு ஆகாயத்தில் கண்ணயர்வது, தாம் ஒருநாளும் காணப்போகாத ஒரு தொழிலாளியின் கையெழுத்தை நம்பி. விமானியின் குரலையாவது கேட்கிறோம். தரையில் நிற்பவனுக்கு முகமுமில்லை, குரலுமில்லை. 1903இல் முதன்முதலாய்ப் பறந்த விமானத்தைச் செய்தோர் யாரென்று கேட்டால், ரைட் சகோதரர் என்று எமது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் சொல்வார்கள். அந்த விமானத்தின் இயந்திரத்தைத் தன் கையால் ஆறு வாரத்தில் செய்து கொடுத்தவர் சார்லி டெயிலர் என்ற தொழிலாளி. அவர் 1956இல் இறந்தார். இறுதிக்காலம் வறுமையில் கழிந்தது. ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு அப்பெயர் தெரியும்? தம்பி சொல்லும்வரை எமக்குத் தெரியாது.

சரி, நாடுகளுக்கிடையே உடன்படிக்கை ஒன்றும் இல்லையா என்று கேட்கத் தோன்றும். உண்டு. 1944 டிசம்பர் 7ஆம் நாள் சிக்காகோவில் 52 நாடுகள் கையொப்பமிட்ட சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கை. இலங்கை 1948இல் அதில் சேர்ந்தது. விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு வழங்கிய தகுதிப்பத்திரங்களை, அவை பொது நியமங்களுக்குக் குறையாதிருப்பின், ஏனைய நாடுகள் ஏற்கவேண்டும் என்கிறது அதன் 33ஆம் உறுப்புரை. இதைப் படித்தபோது எமக்கு மிகுந்த மகிழ்ச்சி. தம்பியை அழைத்து, "உனக்குச் சட்டம் துணையிருக்கிறது" என்றோம்.

அவன் பொறுமையாக விளக்கினான். கட்டுநாயக்கவில் இலங்கைப் பொறியியலாளர் ஒருவர் கையொப்பமிட்டு அனுப்பும் இலங்கை விமானம், வாலருகே 4ஆர் என்ற எமது நாட்டுக் குறியோடு, லண்டனில் இறங்குகிறது. இதில் ஒப்பமிட்டவன் யார், அவன் எங்கே படித்தான் என்று அங்கே எவரும் விமானத்தைத் தடுப்பதில்லை. அதே பொறியியலாளர், அதே விமானத்தில் பயணியாக ஏறி, அதே நகரில் இறங்கி, பக்கத்தில் நிற்கும் அந்நாட்டு விமானத்துக்கு ஒப்பமிட முடியாது. இரண்டும் ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துப் பிறந்த ஏர்பஸ்களாக இருக்கலாம். ஆணிக்கு ஆணி ஒன்றாக இருக்கலாம். "என் கையொப்பம் விமானத்தோடு சேர்ந்து எல்லை கடக்கும், அக்கா, என்னோடு சேர்ந்து கடக்காது" என்றான். கட்டுரையென்றால் தலைவலி வருபவன் சொன்ன வாக்கியம் அது!

விமானங்களே நாடு மாறுவதுண்டு. குத்தகை முடிந்ததும் ஒரு நாட்டின் குறியை அழித்து இன்னொரு நாட்டின் குறியைத் தீட்டுகிறார்கள். பரிசோதனை உண்டு, ஆனாலும் அதன் பழைய பதிவேடுகள் அதனோடு செல்கின்றன, படிக்கப்படுகின்றன, நம்பப்படுகின்றன. விமானம் இத்தனை மணி பறந்தது, இன்ன உறுப்பு இன்ன நாளில் மாற்றப்பட்டது என்று இலங்கையில் எழுதிய எழுத்து எங்கும் செல்லும். எழுதியவனுக்குப் புதிய நாட்டில் வயது பூச்சியம். பொருளுக்குள்ள கடவுச்சீட்டு உழைப்புக்கு இல்லை என்று நாம் மேடைகளில் சொல்வதுண்டு. அது இவ்வளவு எழுத்துக்கு எழுத்தான உண்மையென்று எமக்குத் தெரிந்திருக்கவில்லை.

இது இயற்கை விதியுமன்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாடு வழங்கிய பத்திரம் மற்றைய நாடுகளிலும் செல்லும். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1998 முதல் ஒன்றின் தொழிற்பதிவை மற்றது ஏற்கின்றன. நம்பவேண்டுமென்று அரசுகள் முடிவெடுத்த இடத்தில் நம்பிக்கை உண்டாகியிருக்கிறது. அந்த முடிவை மாற்றினால் மறைந்தும் விடுகிறது. தம்பியோடு வேலைசெய்த ஒருவர் பல்லாண்டு முயன்று 13 பாடங்களையும் தேறி, பிரித்தானியா வழங்கிய ஐரோப்பியப் பத்திரத்தை வைத்திருந்தார். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகியதும், 2021 ஜனவரி 1ஆம் நாள் முதல் அது ஒன்றிய நாடுகளில் செல்லாததாயிற்று. தவணைக்குமுன் வேறொரு நாட்டுக்கு அதனை மாற்றிக்கொண்டோர் தப்பினர். கொரோனாக் காலத்தில் வேலையிழந்து கையில் காசில்லாதிருந்த அந்த மனிதர் தவணையைத் தவறவிட்டார். டிசம்பர் 31ஆம் நாள் இரவு படுக்கும்போது தெரிந்த தொழில் மறுநாள் காலையில் அவருக்குத் தெரியாமற் போயிற்று என்றா கொள்வது?

திகனையிலிருந்து இதை நினைக்கும்போது இன்னொரு நினைவும் கூடவே வருகிறது. விக்டோரியா அணையைக் கட்டிய காலத்தில் பிரித்தானியப் பொறியியலாளர்கள் எங்கள் ஊரில்தான் குடியிருந்தார்கள். அவர்களுக்கென்று கட்டிய வீடுகள் இன்றும் நிற்கின்றன. அணை 122 மீற்றர் உயரம். 1985 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அதன் நீருக்கடியில் கிடக்கிறது. அவர்களுடைய பட்டத்தை எவரும் கண்டியில் மறுபடி எழுதிக்காட்டச் சொன்னதாக நாம் கேள்விப்படவில்லை. அதே அணையில் எமது தந்தையார் கொங்கிறீற்று வேலை செய்தார். மூன்றாண்டின் இறுதியில் கம்பி கட்டுவதிலும் பலகையடிப்பதிலும் எவருக்கும் அவர் சளைத்தவரல்லர் என்று அவருடைய தோழர்கள் சொல்வார்கள். ஆனால் அவரிடம் கடதாசி இல்லை. அணை முடிந்ததும் மீண்டும் கூலியாளாகவே தோட்டத்துக்குத் திரும்பினார். மகன் கடதாசியுள்ள தொழிலொன்றைக் கற்கவேண்டும் என்ற வெறி அவருக்கு அங்கேதான் பிறந்தது.

கடதாசியென்றால் எமது வீட்டில் ஒரு தகரப்பெட்டி உண்டு. தும்பறைப் பள்ளத்தாக்கில் கொக்கோ பறித்துக் கூன்விழுந்த எமது பாட்டனார் விட்டுச்சென்ற சொத்து அது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த சட்டம், 1946 ஜனவரிக்கு முன் தொடர்ந்து ஏழாண்டு இந்நாட்டில் வாழ்ந்ததைத் திருமணமானவர் நிரூபித்தால் உரிமை தரலாம் என்றது. திருமணமாகாதவருக்குப் பத்தாண்டு. லயத்தில் பிறந்து லயத்தில் வாழ்ந்தவன் எந்தப் பதிவைக் காட்டுவான்? பாட்டனார் விண்ணப்பித்தார், நிராகரித்தார்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர்தான் எமது தந்தையார் பிரஜையானார். நாம் பிறந்த காலத்தையொட்டி அவர் இந்நாட்டவரானார் என்று சொல்லலாம். ஆகவே தம்பியின் விவகாரம் தொடங்கியபோது எமக்கு உடனே தோன்றியது, "அதே கதை" என்பதுதான். மேசைக்கு அப்பாலிருப்பவன் நம்பமாட்டான். இப்பாலிருப்பவன் நிரூபித்துக்கொண்டே சாகவேண்டும்.

தம்பி அதை ஏற்கவில்லை. "தாத்தாவிடம் கேட்டது அவரால் காட்டவே முடியாததை. என்னிடம் கேட்பது எனக்குத் தெரிந்ததை. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்" என்றான். அப்போது நாம் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இளைஞர் சிலருக்குத் தம்மை வருத்தும் விதிகளிடமே ஒரு மரியாதை உண்டாகிவிடுகிறது என்று எண்ணினோம்.

2020இல் கொரோனா ஆகாயத்தை மூடியது. தம்பிக்கு வேலை போயிற்று. திகனைக்கு வந்து, இரவல் முச்சக்கரவண்டியொன்றைக் கண்டிக்கும் குண்டசாலைக்குமாக ஓட்டினான். எட்டுப் பாடங்கள் முடிந்திருந்தன, ஐந்து மீதம். முதற்பாடம் தேறிய நாளிலிருந்து பத்தாண்டுக்குள் எல்லாவற்றையும் முடித்து விண்ணப்பிக்கவேண்டும் என்ற விதி வேறு. அம்மாவின் சங்கிலி அடகுக்கடையிலிருந்தது. பரீட்சைக் கட்டணத்துக்காக வட்டிக்கு வாங்கிய பணம் வளர்ந்துகொண்டிருந்தது. ஆயினும் உண்மையான இடர் பரீட்சையன்று, அனுபவச் சான்று. அவன் வந்த வழியில் ஐந்தாண்டு அனுபவத்தை நிரூபிக்கவேண்டும். இன்ன நாள், இன்ன விமானத்தில், இன்ன வேலை என்று வேலைப் பதிவேட்டில் எழுதி, மேற்பார்த்தவர் ஒப்பமிட்டிருக்கவேண்டும். வளைகுடாவில் செய்த மூன்றாண்டுக்கு ஒழுங்கான பதிவு இருந்தது. அதற்குமுன் இலங்கையில் ஆறாண்டு வேலை செய்திருந்தான். அதில் இரண்டாண்டைக் காட்டினாலே போதும். ஆனால் அந்தப் பணிமனை மூடப்பட்டிருந்தது. மேற்பார்த்த பெரியவர் கடல் கடந்து போய் முகவரியற்றவராகிவிட்டார். பதிவேட்டில் வேலைகள் இருந்தன, நாட்கள் இருந்தன. ஒப்பமிடவேண்டிய கட்டங்கள் பக்கம் பக்கமாக வெறுமையாகக் கிடந்தன. அன்றன்றே ஒப்பம் வாங்காதது தன் பிழை என்று அவன் ஒருபோதும் மறுத்ததில்லை.

2021ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு முகவன் வந்தான். மரியாதையான மனிதன், தேநீர் குடித்தான், குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தான். வெறுமையான கட்டங்களையெல்லாம் நிரப்பி, முத்திரையிட்டு, ஒரு நிறுவனத்தின் உறுதிக்கடிதமும் வாங்கித்தருவதாகச் சொன்னான். கேட்ட தொகை, இன்னும் இரண்டாண்டு காத்திருப்பதால் வரும் நட்டத்தில் கால்வாசியும் இராது.

இங்கே எம்மைப்பற்றிய ஓர் உண்மையை எழுதவேண்டியிருக்கிறது. நாம் தம்பியை ஒப்புக்கொள்ளச் சொன்னோம்.

எமது வாதம் எமக்கு அப்போது நியாயமாகவே பட்டது. அவன் செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லவில்லை. செய்தான், அவன் கையில் இன்றும் அந்த எண்ணெய்ப் பொசுக்கலின் வடு இருக்கிறது. இல்லாதது ஒரு கிறுக்கல் மாத்திரம். எமது பாட்டனாரை ஒரு கடதாசிக்காக நாற்பதாண்டு அலைக்கழித்த உலகத்திடம் நாம் ஏன் கடதாசியில் நேர்மை காட்டவேண்டும்? இப்படியெல்லாம் பேசினோம். வர்க்கத்தின் பெயரைக்கூட இழுத்தோம் என்பதை நினைக்க இப்போது கூசுகிறது. பரீட்சையில் பார்த்தெழுதும் பிள்ளையின் தாளைப் பறிக்கும் ஆசிரியை பேசிய பேச்சு அது.

தம்பி சிறிதுநேரம் பேசாதிருந்தான். பிறகு ஒரு கதை சொன்னான். 1990 ஜூன் 10ஆம் நாள், பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகா நகருக்குப் புறப்பட்ட பிரித்தானிய விமானமொன்று உயர ஏறிக்கொண்டிருந்தபோது, விமானி அறையின் முன்கண்ணாடி பெயர்ந்து பறந்தது. தலைமை விமானியைக் காற்று வெளியே இழுத்தது. அவருடைய பாதி உடல் ஆகாயத்தில். கால்களைச் சக பணியாளர்கள் பற்றிக்கொண்டிருந்தார்கள். துணை விமானி விமானத்தை இறக்கினார். வெளியே தொங்கியவரும் உயிர்பிழைத்தார். அதற்குமுன் அந்தக் கண்ணாடியைப் பொருத்தியவர் அனுபவம் மிக்கவர். வேலை அதிகம், நேரம் குறைவு. பழைய ஆணியைப் பக்கத்தில் வைத்துக் கண்ணளவால் புதிய ஆணிகளைத் தெரிந்தெடுத்தார். 90 ஆணிகளில் 84 ஆணிகள் மயிரிழையளவு மெலிந்தவை.

"எண்பத்து நான்கு, அக்கா. அவர் பொய்யரல்லர். தமக்குத் தெரியும் என்று நம்பினார். நான் அந்த வேலைகளைச் செய்தேன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்த முகவன் பிடித்துத் தரும் ஆளுக்குத் தெரியாது. தெரியாததற்கு ஒப்பமிடுகிறவன் கொடுத்த கடதாசியால் நான் பத்திரம் வாங்கினால், நாளைக்கு என் ஒப்பத்தை எவன் எதற்காக நம்பவேண்டும்?"

இன்னொன்றும் சொன்னான். 1985 ஆகஸ்டில் ஜப்பானில் 520 பேரைக் கொன்ற விமான விபத்துக்குக் காரணம், ஏழாண்டுக்கு முன் விமானத்தின் பின்சுவரில் செய்த பிழையான பழுதுபார்ப்பு. பழுதுபார்த்தவர்கள் இந்தியரோ இலங்கையரோ அல்லர். விமானத்தைச் செய்த போயிங் நிறுவனத்தின் ஆட்களே. ஆகவே கண்டிப்பு வேண்டும், எல்லோருக்கும் வேண்டும் என்பது அவன் கட்சி. கண்டிப்பில் அவனுக்கு வழக்கில்லை. அந்தக் கண்டிப்பின் செலவு முழுவதும், கட்டணமும் காத்திருப்பும் ஐயமும், எல்லை கடக்கும் தொழிலாளியின் தலையில் மாத்திரம் விழுவதிலேதான் வழக்கு. அந்தக் கூறுபாட்டை மூன்றாண்டாகக் காணாமல் விதிகளையே வைதுகொண்டிருந்த எமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. முகவன் மறுபடி வந்தபோது தம்பி வீட்டிலில்லை; நாமே பதில் சொல்லி அனுப்பினோம்.

அதன் விலையைக் கொடுத்தோம். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவிலிருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. பெற்றோல் வரிசையில் முச்சக்கரவண்டி இரண்டு பகலும் ஓரிரவும் நின்றது. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் இந்நாட்டு விமானப் பொறியியலாளர் பலர் புறப்பட்டுப் போயினர். அவர்களைப் பயிற்றியது இந்நாட்டு வரிப்பணமும் இந்நாட்டு விமானங்களுந்தாம். போனவர்களை நாம் பழிக்கமாட்டோம். எமது வீட்டிலிருந்தும் ஒருவன் போனான். தம்பி 2022 ஆடியில் மீண்டும் வளைகுடாவுக்குச் சென்று, பழைய சம்பளத்திலும் குறைந்த சம்பளத்தில், இரண்டாண்டு வேலைசெய்தான். ஒவ்வொரு மாலையும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மேற்பார்ப்பவரிடம் போய் நின்று, ஒப்பம் வாங்கிய பின்னரே கையைக் கழுவினான். 2024 முடிவதற்குள் 13 பாடங்களும் ஐந்தாண்டும் நிறைந்தன. விண்ணப்பம் ஐரோப்பிய நாடொன்றின் அதிகார சபைக்குச் சென்றது.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. பரீட்சைகளைப்பற்றியோ அனுபவத்தைப்பற்றியோ ஒரு வினாவுமில்லை. ஆளைப்பற்றித்தான் வினா. குடும்பப் பெயர் எது?

தமிழாசிரியைக்கு வரவேண்டிய வினா! எமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. தந்தை பெயரே முன்னால் நிற்கும். எமது தந்தையாரின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. தமிழின் சிறப்பெழுத்து என்று வகுப்பிலே நாம் நாவை வளைத்துக் காட்டும் அதே எழுத்து. தம்பியின் பிறப்பைப் பதிந்தவர் சிங்களத்தில் எழுதினார். சிங்களத்தில் ழகரம் இல்லை, லகரத்தை இட்டார். பரீட்சைச் சான்றிதழில் அது ஆங்கிலத்தில் இன்னொரு கோலம் கொண்டது. கடவுச்சீட்டில் வேறொன்று. ஆக, மூன்று கடதாசியில் மூன்று தந்தையர். தமிழறியாத ஓர் உத்தியோகத்தர் ஐயுறுவதை நாம் குறைகூற முடியாது. தந்தையார் 2015இல் காலமாகிவிட்டார். மூன்று பெயரும் ஒரே மனிதனுடையவை என்று உறுதிகூறும் சத்தியக்கடதாசி ஒன்றும், பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பும் கேட்டிருந்தார்கள்.

தகரப்பெட்டியைத் திறந்து, அடியிலிருந்த அப்பாவின் பத்திரங்களை எடுத்துக்கொண்டு திகனைச் சந்திக்குப் போனோம். பிரதியெடுக்கும் கடை, 2018 மார்ச்சில் எரிக்கப்பட்டுப் பின்னர் மறுபடி எழும்பிய கடைகளில் ஒன்று. கடைக்கார நானா ஒவ்வொரு பக்கத்தையும் ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்து, "டீச்சர், இந்தப் பழசெல்லாம் கவனமா வச்சிருக்கீங்களே, நெருப்புல எனக்கு ஒண்ணும் மிஞ்சல்ல" என்றார். காசு வாங்க மறுத்தார்.

மெனிக்ஹின்னைப் பக்கத்திலிருக்கும் சமாதான நீதவான், ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர். விறாந்தையில் எம்மை இருத்திவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சத்தியக்கடதாசியை முதல் வரியிலிருந்து படித்தார். நடுவே நிறுத்தி, அந்த எழுத்தை எப்படிச் சொல்வது என்று கேட்டார். சொன்னோம். இரண்டு தடவை முயன்றார். இரண்டு தடவையும் லகரமே வந்தது. சிரித்துக்கொண்டு மூன்றாந்தடவை முயன்றபோது ஏறக்குறைய வந்துவிட்டது.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அப்பாவின் பத்திரங்கள் மூன்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, பிறந்த திகதியும் தோட்டத்தின் பெயரும் ஒன்றுதானா என்று விரலை வைத்து ஒப்பிட்டார். எமது அடையாள அட்டையைப் பார்த்தார். தமது முன்னிலையிலேயே நாம் கையொப்பமிடவேண்டும் என்றார். எத்தனை பிரதி என்று கேட்டார். மூன்று என்றோம். மூன்றும் ஒன்றுபோலவே அச்சானவைதாம், ஐயா, ஒன்றைப் படித்தால் போதுமே என்று சொல்ல வாயெடுத்தோம், சொல்லவில்லை. மற்ற இரண்டையும் அவர் தனித்தனியே, முதல் வரியிலிருந்து, உதடசையப் படித்து முடித்த பின்னரே பேனாவை எடுத்தார். திகனைக்குத் திரும்பும் பஸ் இதற்கிடையில் போய்விட்டது.